மார்பர்க்கில் ஒரு பீல்டு மார்ஷல்: ஹிண்டன்பர்க்கின் படைவாழ்வும் இடம் மாறிய கல்லறையும்

ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் லான் ஆற்றங்கரையில் இருக்கும் மார்பர்க், பழைய பல்கலைக்கழக நகரம். அங்கே புனித எலிசபெத்தின் பெயரால் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட தேவாலயத்தின் வடக்குக் கோபுரத்தடியில், ஒரு சிற்றாலயத்தில், பவுல் ஃபான் ஹிண்டன்பர்க்கும் அவருடைய மனைவி கெர்ட்ரூடும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பிரஷியப் படையின் பீல்டு மார்ஷலாக இருந்தவர். முதல் உலகப் போரின் பிற்பாதியில் ஜெர்மன் தரைப்படை முழுவதையும் நடத்தியவர். 1925 முதல் 1934 வரை ஜெர்மனியின் குடியரசுத் தலைவர். ஹிட்லரைப் பிரதமராக நியமித்த கையெழுத்துக்குச் சொந்தக்காரர். இவ்வளவு பெரிய பொறுப்புகளை வகித்த ஒருவருக்கு மார்பர்க் நகரத்தோடு பிறப்பாலோ பணியாலோ குடும்பத்தாலோ எந்த உறவும் கிடையாது. அவர் பிறந்த போசன் நகரமும், அவருக்குப் பெயர் வாங்கித் தந்த போர்க்களமும், உயிர் துறந்த நோய்டெக் பண்ணையும் இன்று போலந்தில் இருக்கின்றன. ஓய்வுக் காலத்தைக் கழித்த ஹானோவர் நகரமோ வேறு மாநிலத்தில் இருக்கிறது.

அவர் உடல் ஏன் மார்பர்க்குக்கு வந்தது, ஏன் அங்கேயே தங்கிவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையை 1945ஆம் ஆண்டின் குழப்பத்தில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். ஹிண்டன்பர்க்கின் பெயரை 1914 முதல் பலரும் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தினார்கள். அதற்கு அவரும் மனமறிந்து இடம் கொடுத்தார். உயிரோடு இருந்தபோது பெயருக்கு நடந்ததுதான் இறந்த பிறகு உடலுக்கும் நடந்தது. ஆகவே படைவாழ்விலிருந்தே தொடங்க வேண்டும்.

படைவீரர் குடும்பத்துப் பிள்ளை

1847 அக்டோபர் 2ஆம் நாள் பிறந்த ஹிண்டன்பர்க்கின் தந்தை பிரஷியப் படை அதிகாரி. தாய் ஒரு மருத்துவரின் மகள். நிலவுடைமைப் பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள் படைக்குப் போவது கேள்விக்கே இடமில்லாத வழக்கமாக இருந்த காலம் அது. 11 வயதில், 1859இல், சைலீசியாவின் வால்ஷ்டாட்டில் இருந்த பயிற்சிப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். 1866இல் மூன்றாம் காலாட் காவற்படைப் பிரிவில் இளநிலை அதிகாரியானார். அதே ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கோனிக்கிரேட்ஸில் நடந்த போரில் ஒரு குண்டு அவருடைய தலைக்கவசத்தைத் துளைத்து மண்டையைச் சிராய்த்துக்கொண்டு போனது. சற்று நேரம் நினைவிழந்து கிடந்தவர், எழுந்து மீண்டும் தன் படையணியோடு சேர்ந்து முன்னேறினார். 18 வயதில் காட்டிய அந்தத் துணிவை அவருடைய கடுமையான விமர்சகர்களும் மறுத்ததில்லை.

1870இல் பிரான்சுடன் நடந்த போரில், ஆகஸ்ட் 18ஆம் நாள் செயிண்ட் பிரீவா கிராமத்தின் முன் திறந்த வெளியில் காவற்படைகள் பெரும் உயிர்ச்சேதம் அடைந்தன. அங்கே உயிர் தப்பிய ஹிண்டன்பர்க்குக்கு இரும்புச் சிலுவை விருது கிடைத்தது. 1871 ஜனவரி 18ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்டபோது தன் படைப்பிரிவின் சார்பில் அந்த மண்டபத்தில் நின்றிருந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் போரே இல்லை. படைக் கல்லூரி, தலைமைப் பணியகம், ஓல்டன்பர்கில் ஒரு படைப்பிரிவின் தலைமை, கார்ல்ஸ்ரூஹேவில் ஒரு டிவிஷன், மாக்டெபர்கில் பல டிவிஷன்களைக் கொண்ட நான்காம் கோர் என்று ஒழுங்காக ஏறி வந்து, 1911இல் ஓய்வு பெற்று ஹானோவரில் குடியேறினார். 1913இல் அவர் இறந்திருந்தால், கடமை தவறாத பல தளபதிகளுள் ஒருவராகப் படைப்பிரிவு வரலாற்றில் இரண்டு வரிகள் கிடைத்திருக்கும்.

டானன்பர்க்

1914 ஆகஸ்டில் ஜெர்மன் படையின் பெரும்பகுதி பிரான்சை நோக்கிப் போய்விட்டிருக்க, கிழக்குப் பிரஷியாவைக் காக்க எட்டாம் படை ஒன்றே இருந்தது. ஒரு ரஷ்யப் படை கிழக்கிலிருந்தும் இன்னொன்று தெற்கிலிருந்தும் உள்ளே நுழைந்தன. ஆகஸ்ட் 20ஆம் நாள் கும்பின்னன் சண்டைக்குப் பிறகு மனம் தளர்ந்த தளபதி பிரிட்விட்ஸ், விஸ்டுலா ஆற்றுக்குப் பின்னால் விலகிச் செல்ல வேண்டியிருக்கும் என்று தலைமையகத்துக்குத் தெரிவித்தார். அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் கோட்டையைப் பிடித்துப் பெயர் பெற்றிருந்த லூடன்டார்ஃபைக் கிழக்குக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆனால் ஒரு படைக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு அவருடைய பதவியும் மூப்பும் இல்லை. அவருக்கு மேலே அமர்த்த, நிதானம் குலையாத மூத்த தளபதி ஒருவர் வேண்டியிருந்தது. 66 வயது ஹிண்டன்பர்க்குக்குத் தந்தி பறந்தது. தான் தயார் என்று உடனே பதில் அனுப்பினார். ஆகஸ்ட் 23 அதிகாலை, ஹானோவர் ரயில் நிலையத்துக்கு வந்த சிறப்பு ரயிலில் ஏறியபோதுதான் லூடன்டார்ஃபை முதன்முதலாகச் சந்தித்தார்.

எட்டாம் படையின் பணியகத்தில் இருந்த மாக்ஸ் ஹோஃப்மன், தெற்கிலிருந்து வந்த ரஷ்யப் படையைச் சுற்றி வளைப்பதற்கான படை நகர்வுகளை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். ரஷ்யர்கள் தங்கள் கட்டளைகளைச் சங்கேதமாக்காமல் வானொலியில் அனுப்பியதும் உதவியது. ஆகஸ்ட் 26 முதல் 30 வரை நடந்த போரில் சாம்சோனவின் இரண்டாம் படை சிதைந்தது. சுமார் 92,000 பேர் சிறைப்பட்டார்கள். சாம்சோனவ் காட்டுக்குள் தன்னையே சுட்டுக்கொண்டார். வெற்றியில் ஹிண்டன்பர்க்கின் பங்கு என்ன என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது. திட்டம் அவருடையதல்ல என்பது உண்மை. ஆனால் போரின் நடுவே லூடன்டார்ஃப் பதறியபோது அவரை நிலைநிறுத்தியது மூத்தவரின் அசையாத அமைதி. தோற்றிருந்தால் பழி முழுவதும் யார் தலையில் விழுந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தப் பங்கைச் சிறியதென்று தள்ளிவிட முடியாது.

போருக்கு வைத்த பெயர் தற்செயலானதல்ல. சண்டை நடந்த பரப்பு டானன்பர்க் ஊரைச் சுற்றி மட்டும் அடங்கவில்லை. எனினும் 1410இல் அந்த ஊருக்கருகே டியூட்டானிக் சமய வீரர் சங்கம் போலந்து, லித்துவேனியப் படைகளிடம் தோற்ற நினைவு ஜெர்மன் தேசியவாதிகளின் மனத்தில் ஆறாமல் இருந்தது. 500 ஆண்டுக்கு முந்தைய தோல்விக்கு இப்போது பழி தீர்ந்துவிட்டது என்று காட்டத்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். போர்க்களத்து வெற்றி ஒரு வாரத்துக்குள் புராணமாகிவிட்டது. அதன் நாயகனாக ஹிண்டன்பர்க் நிறுத்தப்பட்டார்.

அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் பீல்டு மார்ஷல். 1915 செப்டம்பரில் பெர்லினின் நடுவே 12 மீட்டர் உயர மரச் சிலையாக அவரை நிறுத்தினார்கள். மக்கள் காசு கொடுத்து ஆணி வாங்கிச் சிலையின்மேல் அறையலாம். வசூலாகும் பணம் போர் நிதிக்குப் போகும். இரும்பாணிக்கு ஒரு விலை, வெள்ளி, தங்க முலாம் பூசியவற்றுக்கு வேறு விலை. தம் வீட்டுப் பிள்ளைகள் பதுங்குகுழியில் கிடக்கையில் குடும்பம் குடும்பமாக வந்து ஏணியில் ஏறி ஆணி அடித்தார்கள். உயிரோடு இருக்கும் ஒரு தளபதியை மக்கள் இவ்வளவு நெருக்கமாகத் தங்கள் நம்பிக்கையின் பொருளாக்கிக்கொண்ட காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பின்னாளில் அவர் கல்லறை ஏன் அரசாங்கங்களுக்கு இவ்வளவு பெரிய விவகாரமாயிற்று என்பதை இந்தச் சிலையை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

புகழைக் காத்துக்கொண்டவர்

1916 ஆகஸ்ட் 29ஆம் நாள் ஹிண்டன்பர்க் தலைமைப் பணியகத்தின் தலைவரானார். லூடன்டார்ஃப் அவருக்கு அடுத்தவர். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெயரளவுக்கு மேலே இருந்தாலும், படையோடு தொழிற்சாலைகளையும் உணவுப் பங்கீட்டையும் அமைச்சர்களின் நியமனத்தையும்கூட இந்த இருவரே ஆட்டுவித்தார்கள். ஆயுத உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்துக்கு ஹிண்டன்பர்க் பெயரே சூட்டப்பட்டது. 1917 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பல்கள் எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றித் தாக்கலாம் என்ற முடிவு அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது. 1918 வசந்தகாலத்தில் கடைசிச் சேமிப்புப் படைகளையெல்லாம் திரட்டி மேற்கு முனையில் நடத்திய தாக்குதல் தோற்றது. செப்டம்பர் முடிவில் இருவரும், உடனே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று அரசை வற்புறுத்தினார்கள். தோல்வியைப் படைத்தலைமையே ஒப்புக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1918 நவம்பர் 9ஆம் நாள் பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் இருந்த தலைமையகத்தில், படை இனி உங்கள் பின்னால் வராது என்று பேரரசரிடம் சொல்ல வேண்டிய வேளை வந்தபோது, அதைச் சொன்னவர் லூடன்டார்ஃபின் இடத்துக்கு வந்திருந்த குரோனர். ஹிண்டன்பர்க் அருகில் இருந்தார், முடிவை ஏற்றார், பழியைக் குரோனர் சுமக்க விட்டார். அடுத்த ஆண்டு, 1919 நவம்பர் 18ஆம் நாள், தோல்வியின் காரணங்களை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தவர், கேட்ட கேள்விகளுக்கு விடையளிப்பதை விட்டுவிட்டு, எழுதிக்கொண்டு வந்த அறிக்கையைப் படித்தார். ஜெர்மன் படை முதுகில் குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலேயத் தளபதி சொன்னதாக அதில் கூறினார். போர்நிறுத்தம் கேட்கச் சொன்னவர்களில் ஒருவரே இப்படிச் சொன்னதால் அந்தப் பொய்க்குப் பெரும் எடை கூடியது. குடியரசுக் கட்சியினரும், சோஷலிஸ்டுகளும், யூதர்களும் நாட்டைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற பிரசாரம் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இதைத்தான் உணவாகக் கொண்டது. ஹிண்டன்பர்க்கின் வாழ்வில் மிகக் கெடுதலான செயல் 1933இல் நடந்ததென்று பலர் எழுதுவார்கள்; 1919இல் அந்த மேசை முன் நடந்ததை அதற்குச் சற்றும் குறைவாக மதிப்பிட என்னால் முடியவில்லை.

1925 ஏப்ரலில் வலதுசாரிக் கட்சிகள் அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தின. 77 வயதில் 1 கோடியே 46 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். தான் விரும்பாத குடியரசின் அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்து, தொடக்க ஆண்டுகளில் அதன்படியே நடந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1930க்குப் பிறகு நிலைமை மாறியது. நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாத பிரதமர்கள், அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டங்களைக் கொண்டு ஆண்டார்கள். 1932 தேர்தலில் ஹிட்லருக்கு எதிராகச் சோஷலிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் இவருக்கே வாக்களித்து, 53 விழுக்காட்டுடன் வெற்றி தேடித் தந்தார்கள். ஒன்பது மாதங்களில், 1933 ஜனவரி 30ஆம் நாள், அதே ஹிட்லரை இவர் பிரதமராக்கினார். பிப்ரவரி 28ஆம் நாள் குடிமக்களின் அடிப்படை உரிமைகளை நிறுத்திவைத்த ஆணையிலும், மார்ச் மாதம் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்த சட்டத்திலும் இருப்பது இவருடைய கையெழுத்து.

இடையில் மார்ச் 21ஆம் நாள், போட்ஸ்டாம் நகரின் காவற்படைத் தேவாலயத்தில் புதிய நாடாளுமன்றத்தின் தொடக்கவிழா நடந்தது. பிரஷியாவின் மாமன்னர் பிரெடரிக்கும் அவர் தந்தை முதலாம் பிரெடரிக் வில்ஹெல்மும் அந்தத் தேவாலயத்தில்தான் துயின்றார்கள். பீல்டு மார்ஷல் சீருடையில் வந்த ஹிண்டன்பர்க் மன்னர்களின் கல்லறையில் மரியாதை செலுத்தினார். கறுப்பு உடையில் இருந்த ஹிட்லர் அவருக்குத் தலைவணங்கிக் கை குலுக்கினார். பழைய பிரஷியா புதிய ஆட்சியை ஆசீர்வதித்தது என்று நாடு முழுவதும் படம் பிடித்துக் காட்டினார்கள். அன்று கல்லறையில் இருந்த இரு மன்னர்களோடு ஹிண்டன்பர்க்கின் சவப்பெட்டியும் ஒரே நிலத்தடி அறையில் கிடக்கும் நாள் பன்னிரண்டு ஆண்டுத் தொலைவில் இருந்தது.

எட்டுக் கோபுரங்களின் நடுவே

கிழக்குப் பிரஷியாவின் ஹோஹென்ஷ்டைன் ஊருக்கு அருகில், டானன்பர்க் வெற்றிக்காக ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. வால்டர் குரூகர், யோஹானஸ் குரூகர் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த அதில், எண்கோணமாகச் சுற்றிய செங்கல் மதிலில் எட்டுக் கனத்த கோபுரங்கள் நின்றன. நடுமுற்றத்தில் அடையாளம் தெரியாத 20 வீரர்களின் உடல்கள் புதைக்கப்பட்டிருந்தன. 1927 செப்டம்பர் 18ஆம் நாள் அதைத் திறந்துவைத்த ஹிண்டன்பர்க், போருக்கு ஜெர்மனி பொறுப்பல்ல என்று பேசினார். அடுத்த மாதம் அவருடைய 80ஆம் பிறந்தநாளுக்கு, தொழிலதிபர்களும் நிலக்கிழார்களும் நன்கொடை திரட்டி, குடும்பத்தின் பழைய நோய்டெக் பண்ணையை அவருக்குப் பரிசளித்தார்கள். வாரிசு வரி வராமல் இருக்க அது மகன் ஆஸ்காரின் பெயரில் பதிவானது.

அந்தப் பண்ணையில்தான் 1934 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, 86 வயதில், ஹிண்டன்பர்க் இறந்தார். அதற்கு முந்தைய நாளே, அவர் உயிர் பிரியும் முன், குடியரசுத் தலைவர் பதவியையும் பிரதமர் பதவியையும் ஹிட்லரிடம் ஒன்றாக்கும் சட்டத்தை அமைச்சரவை நிறைவேற்றிவிட்டது. இறந்த அன்றே படைவீரர்கள் அனைவரும் ஹிட்லரின் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தார்கள்.

தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்பதில் ஹிண்டன்பர்க்குக்குக் குழப்பம் இல்லை. 1921இல் இறந்த மனைவியின் பக்கத்தில், குடும்பக் கல்லறையில், ஆடம்பரமின்றி. குடியரசுத் தலைவரின் இந்த எளிய விருப்பத்தை ஹிட்லர் ஒதுக்கித் தள்ளினார். ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவில் தீப்பந்தங்களுக்கு நடுவே சவப்பெட்டி நோய்டெக்கிலிருந்து டானன்பர்க் நினைவுச்சின்னத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. மறுநாள் அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் படைப் பாதிரியார் வேதாகம வாசகத்தைக் கொண்டு பிரசங்கம் செய்து முடித்த பிறகு எழுந்த ஹிட்லர், "இறந்த தளபதியே, இனி வால்ஹாலாவுக்குள் செல்க" என்று தன் உரையை முடித்தார். வால்ஹாலா கிறித்துவத்துக்கு முந்தைய வடநாட்டுத் தொன்மத்தில் மாண்ட வீரர்கள் போய்ச் சேரும் மண்டபம். வாழ்நாள் முழுவதும் லூத்தரன் சபையின் பக்தராக இருந்த ஒரு முதியவரின் சவப்பெட்டி முன், அவருடைய இறைநம்பிக்கையையும் மதிக்காமல் சொல்லப்பட்ட சொற்கள் அவை. இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 19ஆம் நாள், ஹிட்லரின் இரட்டைப் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. இறுதிச் சடங்கு அந்த வாக்கெடுப்புக்கான பிரசாரத்தின் ஒரு பகுதியாகவே நடந்து முடிந்தது.

பிறகு நினைவுச்சின்னத்தையே மாற்றிக் கட்டினார்கள். முற்றத்தின் தரை தாழ்த்தப்பட்டது. நடுவில் கிடந்த 20 வீரர்களின் உடல்கள் பக்க அறைகளுக்கு மாற்றப்பட்டன. ஒரு கோபுரத்தின் அடியில் தளபதிக்காக நிலவறை அமைந்தது. அதன் வாசலில் பேருருவக் கல் வீரர்கள் இருவர் காவல் நின்றார்கள். 1935 அக்டோபர் 2ஆம் நாள், பிறந்தநாளன்று, ஹிண்டன்பர்க்கின் சவப்பெட்டி அங்கே இறங்கியது. மனைவியின் உடலையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்கள். கணவருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிறைவேறியது. ஆனால் அந்த அம்மையாரின் எலும்புகள் அரசியல் அரங்கப் பொருளாக்கப்பட்டன. சாதாரண வீரர்களை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, அவர்களுடைய தளபதிக்கு இடம் செய்த அந்த மாற்றம், இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

1945: கப்பலும் சுரங்கமும்

1945 ஜனவரி நடுவில் சோவியத் படைகள் கிழக்குப் பிரஷியாவுக்குள் பாய்ந்தபோது, நினைவுச்சின்னம் அவர்கள் கையில் சிக்கும் என்பது தெளிவாயிற்று. பின்வாங்கிய ஜெர்மன் படையினர் இரு சவப்பெட்டிகளையும் படைக்கொடிகளையும் வெளியே எடுத்துவிட்டு, நிலவறைக் கோபுரத்தையும் நுழைவுக் கோபுரத்தையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பெட்டிகள் கோனிக்ஸ்பெர்க் துறைமுகத்துக்கு வந்தன. அங்கே எம்டன் என்ற போர்க்கப்பல் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டன் அந்த ஆண்டு நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே அழிந்துவிட்டது. இது அந்தப் பெயரின் நினைவாக 1925இல் படையில் சேர்க்கப்பட்ட கப்பல். எந்திரங்கள் முழுமையாக இயங்காத நிலையில், பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களின் உதவியோடு அது பிலாவ் துறைமுகத்தை அடைந்தது. அங்கிருந்து பிரிட்டோரியா என்ற பயணக் கப்பலில் பெட்டிகள் ஸ்டெட்டினுக்கும், பிறகு தரைவழியாகப் போட்ஸ்டாமுக்கும் போயின. அதே வாரங்களில் லட்சக்கணக்கான மக்கள் கைக்குழந்தைகளோடு உறைபனியில் அந்தத் துறைமுகங்களில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். இறந்தவர் இருவருக்கு இடம் தேடிக் கொடுத்த அரசு, உயிரோடு இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் வெளியேற அனுமதிகூடக் கொடுக்கவில்லை.

இரு பிரஷிய மன்னர்களின் பெட்டிகள் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1943இலேயே போட்ஸ்டாம் தேவாலயத்திலிருந்து பாதுகாப்பறைக்கு மாற்றப்பட்டிருந்தன. 1945 மார்ச்சில் நான்கு பெட்டிகளும் ஒன்றாகத் தூரிங்கியாவின் பெர்ன்டெரோடே உப்புச் சுரங்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. சுமார் 550 மீட்டர் ஆழத்தில் இருந்த அந்தச் சுரங்கம் அதற்கு முன்பே பெரும் வெடிமருந்துக் கிடங்காக இருந்தது. அங்கே கட்டாய வேலையில் இருந்த அயல்நாட்டுத் தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டுப் படையினரே உள்ளே வேலையை முடித்தார்கள்.

ஏப்ரல் 27ஆம் நாள், வெடிமருந்தைக் கணக்கெடுக்கப் போன அமெரிக்கப் படையினர் சுரங்க வழியின் பக்கச் சுவரில் ஓரிடத்தில் சுண்ணம் புதிதாக இருப்பதைக் கவனித்தார்கள். ஒன்றரை மீட்டர் கனமுள்ள கட்டுமானத்தை இடித்து உள்ளே போனால், பூட்டிய கதவு; கதவுக்கு அப்பால் நீண்ட அறை. பிரஷியப் படைப்பிரிவுகளின் கொடிகள் இருபுறமும் தொங்க, தடுப்புகளுக்கு இடையே நான்கு சவப்பெட்டிகள். ஒன்றின்மேல் ஹிட்லரின் பெயர் பொறித்த சிவப்பு நாடாவோடு மலர்வளையம் கிடந்தது. எந்தப் பெட்டியில் யார் என்பதைச் சிவப்புக் கிரயானில் கிறுக்கி, ஒட்டும் நாடாவால் ஒட்டியிருந்தார்கள். கல்லிலும் வெண்கலத்திலும் பெயர் பொறிக்கப்பட்டவர்களுக்கு அன்று மிஞ்சிய அடையாளம் அந்தக் காகிதத் துண்டு. அருகில் 1701ஆம் ஆண்டின் பிரஷிய மணிமுடிகள், செங்கோல், அரண்மனை ஓவியங்கள், நூல்கள். நாட்டை இழந்துகொண்டிருந்த ஆட்சி, அடுத்த தலைமுறை வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பிரஷியாவின் புனிதப் பொருள்களைப் புதைத்துவைத்திருந்தது என்றே அமெரிக்க அதிகாரிகள் புரிந்துகொண்டார்கள். அது சரியான புரிதல் என்றே எனக்கும் படுகிறது.

கலைப்பொருள் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த சிற்பி வாக்கர் ஹான்காக்கும், கலைப்பொருள் பராமரிப்பு வல்லுநர் ஜார்ஜ் ஸ்டவுட்டும் அவற்றை மேலே கொண்டுவரும் பொறுப்பை ஏற்றார்கள். மாமன்னர் பிரெடரிக்கின் பெட்டி 500 கிலோவுக்கும் மேல் கனமானது. சுரங்க மின்தூக்கிக்குள் விரல் நுழையாத இடைவெளியில் அதைப் பொருத்தி ஏற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த நாளையொட்டி வேலை நிறைவடைந்து, மே மாதத் தொடக்கத்தில் எல்லாம் மார்பர்க்குக்கு லாரிகளில் போயின. தூரிங்கியா விரைவில் சோவியத் நிர்வாகத்துக்குப் போகவிருந்ததும், மார்பர்க் அமெரிக்கப் படை ஆக்கிரமித்து நிர்வகித்த மண்டலத்தில் இருந்ததோடு கலைப்பொருள்களை வைக்கத் தகுந்த கட்டடங்களைக் கொண்டிருந்ததும்தான் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்கக் காரணம்.

மார்பர்க்

ஓவியங்களையும் மணிமுடிகளையும் உரிய இடத்தில் ஒப்படைத்துவிடலாம். சவப்பெட்டிகளை என்ன செய்வது? ஓராண்டுக்கு மேல் அவை மார்பர்க்கில் பூட்டிய அறையில் கிடந்தன. டானன்பர்க்கும் நோய்டெக்கும் போலந்தின் கைக்குப் போய்விட்டன. ஹானோவர் பிரிட்டிஷ் மண்டலத்தில் இருந்தது. போட்ஸ்டாம் சோவியத் மண்டலத்தில். அரசர்களும் குடியரசுத் தலைவரும் ஆனதால் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும்; ஆனால் அந்த இடம் பழைய படைவெறியர்கள் கூடும் வழிபாட்டிடமாகவும் மாறிவிடக் கூடாது. இந்த இரண்டையும் நிறைவேற்றும் இடமாக, கூட்டம் எப்போதும் வந்துபோகும், வேறொருவரின் நினைவுக்குச் சொந்தமான ஒரு பழைய தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1946 ஆகஸ்டில், முன்னறிவிப்பின்றி, இரவு வேளையில், எலிசபெத் தேவாலயத்தில் நால்வரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். அணிவகுப்பு இல்லை, தீப்பந்தம் இல்லை, சொற்பொழிவு இல்லை. அமெரிக்க அதிகாரிகள் மிகுந்த கவனத்தோடு எடுத்த முடிவு இது. கட்டடத்தைத் தகர்ப்பதைவிடவும் எலும்புகளை மறைப்பதைவிடவும் இது பண்பட்ட வழி.

அந்தத் தேவாலயத்தின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு வியப்பான தொடர்பு தெரியும். ஹங்கேரி இளவரசியாகப் பிறந்து, கணவரை இழந்தபின் மார்பர்க்கில் நோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்துத் தானே பணி செய்து, 1231இல் 24 வயதில் இறந்த எலிசபெத்தின் கல்லறை மேல் அதை 1235 முதல் கட்டியவர்கள் டியூட்டானிக் சமய வீரர் சங்கத்தினர். 1410இல் டானன்பர்க்கில் தோற்ற அதே சங்கம். அவர்களுடைய தோல்விக்குப் பழி வாங்கியவராகப் போற்றப்பட்ட தளபதி, அவர்கள் எழுப்பிய கூரையின் கீழ் வந்து சேர்ந்தார். தேர்ந்தெடுத்த அமெரிக்கர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. அவர்கள் கவனித்ததெல்லாம் இடவசதியும் பாதுகாப்பும்.

இரு மன்னர்களும் அங்கே நெடுங்காலம் தங்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் அவர்களை, அவர்கள் வழிவந்த ஹோஹென்ஸோலர்ன் அரச குடும்பம் தன் மலைக்கோட்டைக்குக் கொண்டுபோனது. ஜெர்மனி ஒன்றிணைந்த பிறகு, 1991 ஆகஸ்ட் 17ஆம் நாள் இருவரும் போட்ஸ்டாம் திரும்பினார்கள். சான்சூசி அரண்மனை மேட்டில், தன் வேட்டைநாய்களின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்ற மாமன்னர் பிரெடரிக்கின் விருப்பம் அவர் இறந்து 205 ஆண்டுக்குப் பின் நிறைவேறியது. ஹிண்டன்பர்க்குக்கு அப்படித் திரும்பிப் போக இடமில்லை. டானன்பர்க் நினைவுச்சின்னத்தில் மிஞ்சியதைப் போருக்குப் பின் இடித்து, கல்லையும் செங்கல்லையும் வேறு கட்டடங்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று ஒல்ஷ்டினெக் என்று பெயர் மாறிய ஹோஹென்ஷ்டைன் ஊரில் அதன் கற்சிங்கம் ஒன்று நிற்கிறது. மனைவிக்கு அருகே, எளிமையாக என்று அவர் கேட்டதை மார்பர்க் ஏறத்தாழக் கொடுத்துவிட்டது என்பதால், அவரை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உடல் அசையாமல் இருக்க, பெயர் மீதான வழக்குதான் தொடர்கிறது. 1937இல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் தீப்பற்றி விழுந்த வானூர்திக் கப்பல் அவருடைய பெயரைத் தாங்கியது; 2023இல் அதானி குழுமம் பற்றி அறிக்கை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் அந்த விபத்தை நினைத்துத் தனக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டதால், தமிழ்ச் செய்தித்தாள்களிலும் ஹிண்டன்பர்க் என்ற சொல் மாதக்கணக்கில் இடம்பெற்றது. ஜெர்மனியில் அவர் பெயரிலிருந்த சாலைகளும் சதுக்கங்களும் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. 2012இல் மியூன்ஸ்டர் நகரம் தன் பெரிய சதுக்கத்தின் பெயரை மாற்றியது. எதிர்த்தவர்கள் கோரிய வாக்கெடுப்பிலும் மாற்றமே வென்றது. பெர்லின் நகரம் 1933 ஏப்ரலில் ஹிட்லருக்கும் ஹிண்டன்பர்க்குக்கும் ஒருசேர மதிப்புறு குடிமகன் தகுதியை வழங்கியிருந்தது. ஹிட்லரின் பெயர் போருக்குப் பின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஹிண்டன்பர்க்கின் பெயர் பல முயற்சிகளைத் தாண்டி நிலைத்து, 2020ஆம் ஆண்டு ஜனவரியில்தான், ஹிட்லரை அதிகாரத்தில் அமர்த்திய பொறுப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது.